பேட்டரி தின்ற போட்டி

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. மங்கிய பச்சைத் திரை; வண்ணம் கிடையாது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையோடு கேம் கியரைக் கொண்டுவந்தது. பார்க்க அழகுதான். ஆனால் ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் டெட்ரிஸ் ஆட்டத்தையும் சேர்த்தே விற்றதால், பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களும் அதைப் பிடுங்கி ஆடினார்கள். வண்ண வடிவத்தையும் சேர்த்து, கேம் பாய் 11 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடியைத் தாண்டியதோடு சரி.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டுமே எட்டாத விலை. அவர்கள் கையில் இருந்தது ‘பிரிக் கேம்’, டெட்ரிஸின் மலிவு நகல். சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் வாங்கி வருவார்கள். அட்டையில் ‘9999 ஆட்டங்கள்’ என்றிருக்கும். உள்ளே சில ஆட்டங்கள்தான், வேகம் மட்டும் மாறும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நம் கோவளத்து உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். வீட்டுப் பரணில் அப்படிப் பழைய கருவி ஒன்று கிடந்தால், முதலில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.