இரைச்சலும் இரைப்பையும்

சென்னையிலிருந்து வரும் சாலை, திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரிகிற இடம் திண்டிவனம். அங்கே ரோட்டோரம் குடியிருப்பவர்களுக்கு ஹாரன் சத்தத்தின் நடுவேதான் சாப்பாடு. வீட்டுக்காரர் பாதிச் சாதத்தை வைத்துவிட்டு, "வயிறு மந்தமாக இருக்கிறது" என்று எழுந்திருக்கிறார். குழம்பில் புளி கூடிவிட்டதோ என்று நீங்கள் கலங்குகிறீர்கள். சற்றுப் பொறுங்கள், அம்மா! குற்றவாளி குழம்பாக இல்லாமலும் இருக்கலாம்.

ஹார்வர்டில் வால்டர் கானன் என்ற விஞ்ஞானி, பூனைக்கு ஆகாரம் கொடுத்து, அதன் இரைப்பையை எக்ஸ்ரே வழியாகப் பார்த்தார். பூனை சாதுவாக இருந்தவரை இரைப்பை அலை அலையாகச் சுருங்கி ஆகாரத்தைக் கடைந்தது. பூனை மிரண்டதும் வேலை நின்றுபோயிற்று! 1898-இல் இதை வெளியிட்டார். 1930-இல் ஸ்மித், லேர்ட் என்ற இருவர் மனிதர்களிடமே பரீட்சித்தார்கள். பலத்த சத்தத்தில் இரைப்பையின் சுருக்கங்கள் குறைந்தன.

காரணம் என்ன? திடீர்ச் சத்தத்தை உடம்பு ஆபத்தென்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்கு ஓடுகிறது. புலி துரத்தும்போது ஜீரணம் யாருக்கு வேண்டும்? துரத்துவது வெறும் ஹாரன்தான் என்று இரைப்பைக்குத் தெரியாதே! "எங்களுக்குப் பழகிவிட்டது" என்பீர்கள். ஆனால் தூங்கும்போதுகூட, சத்தம் கேட்டால் இதயத் துடிப்பு மாறத்தான் செய்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் சத்தத்தின் தலையில் போட்டுவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியும், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளுமே காரணம். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வலி நீடித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, பின்கட்டில் பரிமாறுங்கள். டெலிவிஷனை நிறுத்துங்கள். மிக்ஸியைச் சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டி முடித்துவிடுங்கள். சாப்பிடும் இடத்தில் குழந்தைகளை அதட்டவும் வேண்டாம், அதுவும் சத்தம்தானே!

வெளியே அலறும் ஒலிபெருக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2000-ஆம் வருஷத்து விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பதே அளவு. விசேஷ அனுமதி பெற்ற சில நாட்கள் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது.

குழம்புக்குப் புளியை அளந்து போடுகிறீர்கள் அல்லவா? நாளை முதல் சத்தத்தையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்.