ஓடாத கார்களும் ஒரு வயோதிகத் தம்பதியும்

உங்கள் வீட்டில் பரண் இருக்கிறதா? இருந்தால், அதன்மேல் என்னென்ன கிடக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. எங்கள் வீட்டுப் பரணில் பித்தளைத் தவலை இரண்டு, ஊறுகாய் ஜாடி நாலைந்து, மாமியாரின் பழைய தையல் மெஷின். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அதற்குப் பின்னால் இருட்டில் என்ன இருக்கிறதோ, அது அந்தப் பல்லிக்குத்தான் வெளிச்சம்.

பரணில் தவலை கிடப்பது போல ஒருவர் காரும் லாரியுமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 500 வண்டி! அவற்றையெல்லாம் ஏலம் விட்ட கதையைப் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. கார் சமாசாரம் ஆம்பிளைகள் விஷயமாயிற்றே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நம் பரண் விஷயம்தான்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளமும் மாடுகளுமாக இருக்கும் விவசாய பூமி. அங்கே பியர்ஸ் என்று ஒரு சிற்றூர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட ஜனத்தொகை 1,800-ஐத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ரே லாம்ப்ரெக்ட் என்பவர், 1946-ல் தம் மாமாவோடு சேர்ந்து இந்த ஊரில் ஷெவ்ரலே கார் விற்கும் கடையைத் திறந்தார். முன்னால் ஷோரூம், பின்னால் ரிப்பேர் பட்டறை. கிராமத்துப் பக்கம் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்?

கடையில் பெரிய ஆள் படை கிடையாது. ரே, அவர் மனைவி மில்ட்ரெட், ஒரு மெக்கானிக். இந்த மூன்று பேரை வைத்தே கடை நடந்தது. இந்தக் கடையைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ரேயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மில்ட்ரெட்டுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். கணவன், மனைவி சேர்ந்து நடத்தும் கடை என்றால் கல்லாவுக்கும் ரசீதுக்கும் கடிதத்துக்கும் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா, என்ன! அதோடு வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும், குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 50 வருஷம் நடந்த கடை அது. 1996-ல் மூடியபோது ரேக்கு எழுபத்தெட்டை ஒட்டிய வயது.

சரி, விற்கிற கடையில் வண்டி எப்படிச் சேர்ந்தது?

அமெரிக்காவில் அந்த நாளில் வருஷத்துக்கு ஒரு புது மாடல் வரும். புதுசு வந்துவிட்டால் முந்தின வருஷத்து வண்டியை விலை தள்ளிக் கொடுத்தாவது விற்றுத் தீர்ப்பதுதான் வியாபாரிகளின் வழக்கம். தீபாவளி முடிந்தபின் ஜவுளிக்கடையில் தள்ளுபடி போடுகிற மாதிரி. ரே அப்படிச் செய்யவில்லை. அவரிடம் பேரம் கிடையாது. தன்னால் கொடுக்கக்கூடிய கடைசி விலையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார். வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் போகலாம். விற்காமல் நின்றுபோன புது வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளாமல், உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பிற்காலத்துக்கு ஒரு சேமிப்பாக இருக்கட்டும் என்ற எண்ணம். நாம் சிட்டுக் கட்டுகிறோம், நகையில் போடுகிறோம். அவர் வண்டியில் போட்டார்.

இன்னொன்றும் உண்டு. புது வண்டி வாங்க வருகிறவர்கள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுப்பார்கள் அல்லவா? மற்ற கடைக்காரர்கள் அதைத் தட்டிக்கொட்டிப் பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். ரே பெரும்பாலும் அதை விற்கவே இல்லை. ஊருக்கு வெளியே தமக்கிருந்த நிலத்தில் வரிசையாக நிறுத்திக்கொண்டே போனார். வருஷங்கள் ஓடின. வண்டிகளுக்கு நடுவே மரம் முளைத்தது. சில வண்டிகளுக்கு உள்ளேயே முளைத்து, மேலே எட்டிப் பார்த்தது.

இப்படிச் சேர்ந்த 500-ல் சுமார் 50 வண்டிகள் யாருமே ஓட்டாதவை. பத்து மைல்கூட ஓடாதவை அதில் நிறைய. சீட்டின்மேல் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே சில. முதன்முதலாக யார் பெயரிலும் பதிவாகாததால், தொழிற்சாலை கொடுத்த மூலப் பத்திரம்கூடப் பத்திரமாக இருந்தது. காரின் ஜாதகம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். இத்தனை வருஷம் அந்தக் காகிதங்களைத் தொலைக்காமல் வைத்திருந்ததைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். எங்கள் வீட்டில் போன மாதம் வாங்கிய மிக்ஸியின் காரன்டி கார்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓடாத வண்டி என்றால் புதுசாகவே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. உபயோகிக்காத சாமான் தானாகவே கெடும். பட்டுப்புடவையை மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்போடு இற்றுப்போகிறதே, அந்தக் கதைதான். டாங்கில் நின்றுபோன பெட்ரோல் நாளாவட்டத்தில் பிசின் மாதிரி ஆகி, குழாயை அடைத்துக்கொள்ளும். ரப்பர் குழாய்களும் சீல்களும் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயர் தட்டையாகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே துருவை உண்டாக்கும். எலிகளுக்குச் சீட்டுப் பஞ்சு என்றால் கொண்டாட்டம். வயரைக்கூட விடாது. இதற்கு மேல், ரேயின் வண்டிகள் இருந்த ஒரு கட்டடத்தின் கூரை விழுந்து, உள்ளே இருந்த சில வண்டிகள் அடிபட்டன. வெளியே வயலில் நின்றவற்றில் திருட்டும் நடந்தது. வெயிலும் பனியும் மாறிமாறிப் பட்டவை துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டன.

2013-ல் ரேக்கு 95 வயது, மில்ட்ரெட்டுக்கு 92. எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். நமக்குத் தெரிந்த குடும்பங்களில் இது எப்படி நடக்கும்? பெரியவர்கள் கண்ணை மூடும்வரை ஒன்றையும் அசைக்கமாட்டார்கள், மற்றவர்களும் அசைக்க விடமாட்டார்கள். பதின்மூன்றாம் நாள் முடிந்ததும், எதற்கு என்ன மதிப்பு, எது யாருடையது என்று தெரியாமல் பிள்ளைகள் திண்டாடுவார்கள். பாதி காயலான் கடைக்குப் போகும். மீதிக்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். ரேயும் மில்ட்ரெட்டும் உயிரோடு இருக்கும்போதே, தங்கள் கண்முன்னே, யார் யாருக்கு ஆசையோ அவரவர் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டார்கள். 95 வயதில் அதற்கு மனசு வர வேண்டுமே!

இந்த ஏலத்தை எடுத்து நடத்தியது ஒரு பெண்மணி என்பதைச் சொல்லாமல் விடமுடியுமா? மினசோட்டா மாநிலத்துக்காரர், பெயர் இவெட் வாண்டர்பிரிங்க். பழைய கார் ஏலம் என்றால் தொப்பி போட்ட ஆண்கள் கூட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று தொழில் செய்தவர் இவர். வேலையும் சாமானியமில்லை. மரங்களை வெட்டி வழி செய்து, ஒவ்வொரு வண்டியாக வெளியே இழுத்து, நம்பர் போட்டு, எது எந்த வருஷத்து மாடல், எத்தனை மைல் ஓடியது, என்ன பத்திரம் இருக்கிறது என்று பட்டியல் எழுதி, ஊருக்கு வெளியே வயலில் வரிசையாக நிறுத்தவேண்டும். நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியை இறக்கி ஒரு நாளில் அடுக்குவதற்கே நமக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

செப்டம்பர் 28, 29 இரண்டு நாளும் ஏலம். அந்தச் சின்ன ஊருக்குள் பத்தாயிரத்துக்கு மேல் ஜனம் வந்து குவிந்தது. டெலிவிஷனில் நேரடியாகக் காட்டினார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள்கூட இன்டர்நெட் வழியாக விலை கேட்டார்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லும் நம்ம ஊர் ஏலம் மாதிரி இராது அது. அமெரிக்க ஏலக்காரர்கள் மூச்சு விடாமல் பாட்டாகப் பாடிக்கொண்டே விலையை ஏற்றுவார்கள். கேட்டால் நமக்கு ஒரு வார்த்தை புரியாது.

எல்லாரும் காத்திருந்தது 1958-ஆம் வருஷத்து கேமியோ என்னும் பிக்கப் வண்டிக்கு. அது ஓடியிருந்தது மொத்தமே 1.3 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டர். காய்கறி மார்க்கெட்டுக்குப் போய் வருகிற தூரம்! 1,40,000 டாலருக்குப் போயிற்று. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 87 லட்ச ரூபாய். 11 மைல் மட்டும் ஓடிய 1963-ஆம் வருஷத்து இம்பாலா கார் 97,500 டாலர். இரண்டு நாளில் மொத்த வசூல் சுமார் 28 லட்சம் டாலர்.

"அடேயப்பா, நாமும் நாலு வண்டி வாங்கிப் பூட்டி வைத்திருக்கலாமே!" என்று எங்கள் வீட்டில் ஒரு குரல் எழுந்தது. வேறு யார், அவர்தான். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான் என்பதால் பென்சிலை எடுத்தேன். 28 லட்சத்தை 500-ஆல் வகுத்தால் ஒரு வண்டிக்கு 5,600 டாலர்தான் வருகிறது. அதிலும் அந்த இம்பாலாவும் கேமியோவும் தூக்கிக் கொடுத்த சராசரி இது. வயலில் துருவேறி நின்றவை சில நூறு டாலருக்குப் போனதும் உண்டு. சரி, அந்த அபூர்வ கேமியோவையே எடுத்துக்கொள்வோம். 1958-ல் இரண்டாயிரம் டாலர் அளவில் அதில் முடங்கியது என்று வைத்தால், 55 வருஷத்தில் 70 மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டு சதவீதக் கூட்டு வட்டி போட்டாலே அந்தத் தொகை வந்துவிடும். வட்டிப் பணத்துக்கு எலித் தொல்லை இல்லை, கூரையும் வேண்டாம். காகிதத்தை அவரிடம் நீட்டினேன். பதிலே இல்லை.

அதற்காக ரேயை ஏமாளி என்று சொல்லமாட்டேன். நெப்ராஸ்கா கிராமத்துக்காரர்கள் பலருக்கு அந்த வயல் ஒரு குடும்ப ஆல்பம் மாதிரி. அப்பா ஓட்டிய பிக்கப், தாத்தா எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டு வந்த கார், எல்லாம் அங்கேதான் நின்றன. வேறு கடையில் கொடுத்திருந்தால் என்றைக்கோ உருக்கு ஆலைக்குப் போயிருக்கும். துருப்பிடித்த வண்டிக்கும் கை உயர்த்தி விலை கேட்க ஆள் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி என் வீட்டுக் கதை. என் மாமியாருக்கு 81 வயது. இந்த ஏலக் கதையை மத்தியானம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கிழவி அழுதாளாமா?" என்றார். செய்தியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பரண்ல இருக்கிற மெஷினை இறக்கச் சொல்லும்மா" என்றார்.

"எதுக்கு அத்தை இப்ப? உங்களுக்குத்தான் கண் சரியாத் தெரியலையே."

"எனக்கா? நான் எதுக்குடி தைக்கப் போறேன்? சின்னவன் பொண்ணு தையல் கத்துக்கிறாளாமே, அவளுக்கு. நான் போனப்புறம் நீங்க எடைக்குப் போட்டுடுவீங்க. என் கையால குடுத்துட்டா நிம்மதி."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறினார். "இப்ப என்னம்மா அவசரம்?" என்று முணுமுணுத்தபடியேதான். இறக்கித் துடைத்துப் பார்த்தோம். மரம் நன்றாக இருந்தது. தோல் பெல்ட் காய்ந்து, தொட்டதும் துண்டாக வந்துவிட்டது. சக்கரம் அசையவில்லை. மாமியார் தானே கீழே உட்கார்ந்து, துளைக்குத் துளை எண்ணெய் விட்டார். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்றார். மேஜை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே ஊசிகள், பாபின்கள், 1967-ல் வாங்கிய ரசீது! அதை மட்டும் பேத்திக்குக் கொடுக்காமல் எடுத்துத் தம் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை காபிகூடக் குடிக்கவில்லை. மெஷின் பக்கத்தில் போய் நின்று சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினார். கிறீச்சென்று அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "பெல்ட் மாத்துற ஆள் கடைத்தெருவில இருப்பான், வரச்சொல்லு" என்றார்.