சிற்றூர்க் கோயிலின் குழல் ஆர்கனும் நம் தோட்டத்துப் பாட்டும்

‘ஆர்கன்’ என்னும் சொல் கிரேக்க மொழியில் ‘கருவி’ என்றே பொருள்படும். நம்மிடையே அச்சொல் இன்று மூன்று பொருள்களைக் குறிக்கின்றது: மின்னாற்றலால் இயங்கும் இசைப்பெட்டி, காலால் மிதித்து வாசிக்கும் காற்றுப்பெட்டி, குழல்களால் ஆகிய பெருங்கருவி. இம்மூன்றனுள் மூத்தது குழல் ஆர்கனே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நகரில் நீரின் அழுத்தத்தால் காற்றைச் செலுத்தி இயக்கப்பட்ட கருவியே இதன் முன்னோடி.

இதன் அமைப்பை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கொல்லன் உலையில் இருப்பது போன்ற துருத்தி காற்றைத் திரட்டுகிறது. காற்று ஒரு மரப்பேழையில் சீரான அழுத்தத்துடன் தங்குகிறது. வாசிப்பவர் கட்டையை அழுத்தும்போது ஓர் அடைப்பு திறந்து, உரிய குழலுக்குக் காற்று செல்கிறது. ஒவ்வொரு சுரத்திற்கும் தனிக்குழல் வேண்டும். குழல் நீண்டால் ஓசை தாழும், குறுகினால் உயரும். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை ஓசை தேயாமல் நிற்பது இக்கருவியின் தனித்தன்மை.

லுத்தரன் சபையில் இக்கருவி பெற்ற இடத்திற்கு, செருமனியின் லைப்சிக் நகரை அடுத்த ஸ்டோர்ம்தால் என்னும் சிற்றூர் நல்ல சான்று. அவ்வூர்க் கோயிலுக்குச் சக்காரியாஸ் ஹில்டபிராண்ட் என்ற கைவினைஞர் ஓர் ஆர்கன் செய்தளித்தார். அதனை ஆய்ந்து ஏற்று, 1723ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் தொடங்கிவைத்தவர், அவ்வாண்டுதான் லைப்சிக்கில் பொறுப்பேற்றிருந்த யோகான் செபாஸ்டியன் பாக். பெருநகரப் பேராலயத்திற்கன்று, உழவர் தொழுத ஊர்க்கோயிலுக்கே அவர் வந்தார். சபையார் அனைவரும் தம் தாய்மொழியில் கூடிப் பாடுதல் வழிபாட்டின் உயிர் என்பது லுத்தரின் கொள்கை. அப்பாட்டைத் தாங்கிச் செல்வதே ஆர்கனின் பணி.

20ஆம் நூற்றாண்டில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றை விழுங்கிற்று. சுரங்கக் குழி இன்று ஏரியாகக் கிடக்கிறது. எனினும் கோயில் தப்பியது, ஆர்கனும் வாழ்கிறது.

அதே நிலப்பகுதிக்கும் தமிழுக்கும் நெடுந்தொடர்பு உண்டு. சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சில் பிறந்த சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். 1836இல் திரெஸ்டனில் தோன்றிய லுத்தரன் மிசன், 1848இல் லைப்சிக்குக்கு இடம்பெயர்ந்தது. அதன் பணியின் வழியாக உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது.

பாட்டு கடல் கடந்தது. ஆனால் குழல் ஆர்கன் நம் சிற்றூர்களில் வேரூன்றவில்லை. ஈரத்தில் மரம் உப்புகிறது, துருத்தித் தோல் இற்றுப்போகிறது, கறையான் அரிக்கிறது. வெப்பம் 15 பாகை ஏறினால் குழலின் சுரம், அரைச்சுரத்தில் ஏறத்தாழப் பாதியளவு உயர்கிறது. உலோக நாக்குகளின் சுரமோ அவ்வாறு உயர்வதில்லை. பழுதுபார்க்க வல்லவர் அருகில் இல்லையெனில் கருவி ஊமையாகும். வெப்பநாட்டில் இவ்வருமை செய்யவே முடியாதென்பதன்று. பிலிப்பைன்சின் லாஸ் பினியாஸ் கோயிலில் தியேகோ செரா என்ற கத்தோலிக்கத் துறவி 1824இல் முடித்த ஆர்கனின் 1031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. அதுவும் 1970களில் செருமனிக்குச் சென்று செப்பனிடப்பட்டே மீண்டது.

நம்மவர்க்குக் கைகொடுத்தது ஆர்மோனியம். 1840களில் பாரிசில் பெயர்பெற்ற இக்கருவியில் குழல்கள் இல்லை. உலோக நாக்குகளே ஒலிக்கின்றன. 1875இல் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கும் வடிவத்தைச் செய்தார். அது தூக்கிச் செல்லத் தக்கது; குடும்பத்தோடு கப்பலேறவும் வல்லது.

இங்கே மொழியாய்வுக்குரிய செய்தி ஒன்று உண்டு. செருமானியப் பாட்டு அசையழுத்தத்தால் நடப்பது. தமிழோ குறில், நெடில் என்னும் அளவால் நடப்பது. செருமானிய மெட்டில் தமிழை ஏற்றும்போது குற்றெழுத்து நீண்ட சுரத்தில் விழக்கூடும். ‘வனம்’ ‘வானம்’ ஆகவும், ‘விடு’ ‘வீடு’ ஆகவும் செவியில் படும். ஆகவே மெட்டுக்கு மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளோடு, தமிழ் யாப்பிலும் தாளத்திலும் பிறந்த கீர்த்தனைகளும் சபையில் இடம்பெற்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அவ்வழியின் முன்னவர். ஆர்மோனியம் இரண்டுக்கும் இசைந்தது.

1907ஆம் ஆண்டளவில் கோலாலம்பூரில் தமிழ் லுத்தரன் சபைப்பணி தொடங்கியது. மலாயாவில் குடியேறியோர் தம்முடன் கொணர்ந்தது இவ்விரு பாட்டு மரபுகளையே. இன்று பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். ஸ்டோர்ம்தால் வட்டாரத்தில் ஊர்கள் பல சிதைந்தபோதும் மரமும் உலோகமுமாகிய ஒரு சான்று எஞ்சிற்று. நம் தோட்டத்துப் பாட்டுக்கு அத்தகைய உடல் இல்லை. எந்தப் பாட்டை எந்த மெட்டில், எவ்விடத்தில் நீட்டி, எவ்விடத்தில் குறுக்கிப் பாடினர் என்பது அச்சேறிய நூலில் இராது. முதியோர் தொண்டையிலேயே இருக்கிறது. தமிழெழுத்து வாசிக்க அறியாத இளையோர், உரோம எழுத்தில் பார்த்துப் பாடும்போது குறில் நெடில் வேறுபாடு மேலும் மங்கும்.

எனவே சமய வேறுபாடு கருதாமல், கோயிற் பதிகமாயினும் கும்மியாயினும் கீர்த்தனையாயினும், மூத்தோர் பாடுவதை ஒலிப்பதிவு செய்தலும், பாட்டின் பெயர், பாடியவரின் தோட்டம், கற்ற காலம் ஆகியவற்றைத் தமிழில் குறித்துவைத்தலும் நம் உடனடிக் கடமையாகும். இதற்குப் பெருங்கருவி வேண்டா. கைப்பேசியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.