திருடன் பூசிய சாம்பல் நிறம்

அமெரிக்காவில் ஜேனிஸ் ஜாப்ளின் என்று ஒரு பாடகி இருந்தார். 1968-ல் அவர் 3,500 டாலர் கொடுத்து ஒரு பழைய காரை வாங்கினார். அது 1964-ஆம் ஆண்டின் போர்ஷ 356. ஜெர்மனியில் செய்தது, மேற்கூரையை மடக்கிவிடலாம். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு விசிறி வீசும் காற்றிலேயே எஞ்சின் சூடு தணிந்துவிடும்.

ஜேனிஸுக்குக் காரின் நிறம் பிடிக்கவில்லை. இசைக்குழுவில் மேடை வேலைகளைப் பார்த்துவந்த டேவ் ரிச்சர்ட்ஸிடம் 500 டாலர் கொடுத்து, "உன் இஷ்டம்போல் வரைந்து கொடு" என்று விட்டுவிட்டார். அவர் கார் முழுவதும் வரைந்து தள்ளினார். பட்டாம்பூச்சிகள், மலைகள், பெரிய கண் ஒன்று, இசைக்குழுவினரின் முகங்கள் என்று ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடவில்லை. அந்த ஓவியத்துக்கு 'பிரபஞ்சத்தின் வரலாறு' என்று பெயர். வரைந்து முடித்ததும் மேலே நிறமில்லாத, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பூச்சும் அடித்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கடைசிப் பூச்சுதான்.

1969-ல் அந்தக் கார் திருடு போனது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காரை எப்படி மறைப்பது? திருடன் அதன்மேல் சாம்பல் நிற ஸ்ப்ரே பெயிண்டை அடித்துவிட்டான். கார் திரும்பக் கிடைத்தபோது ஓவியத்தைக் காணோம். ஆனால் ரிச்சர்ட்ஸ் அந்தச் சாம்பல் நிறத்தை மட்டும் நீக்கினார். அடியில் இருந்த ஓவியம் சேதமில்லாமல் வெளியே வந்தது! திருடனின் பெயிண்ட் ஓவியத்தைத் தொடவே இல்லை. அது தொட்டதெல்லாம் மேலே இருந்த தெளிந்த பூச்சைத்தான்.

இது எப்படி முடிந்தது? பெயிண்டில் மூன்று பொருட்கள் உண்டு. நிறம் தரும் தூள் ஒன்று. அந்தத் தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின் ஒன்று. இரண்டையும் இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் ஒன்று. பட்டறைக்காரர்கள் தின்னர் என்பது இதைத்தான். சில பெயிண்டுகள் கரைப்பான் ஆவியானதுமே காய்ந்துவிடும். நகப்பூச்சு இந்த வகை. எத்தனை நாள் ஆனாலும், அதற்குரிய திரவத்தைத் தொட்டுத் தேய்த்தால் மறுபடி கரைந்துவிடும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட் அப்படி இல்லை. கரைப்பான் போன பிறகு அதன் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைபோல் பின்னிக்கொள்கிறது. வீட்டில் எனாமல் பெயிண்ட் அடித்தவர்கள் பிரஷை டர்பன்டைனில் கழுவாமல் விட்டுப் போயிருந்தால் பாருங்கள். சில நாட்களில் அது கட்டைபோல் இறுகிவிடும். பிறகு டர்பன்டைனில் ஊறவைத்தாலும் பழையபடி ஆகாது.

ஒரு பூச்சு கரைந்து, அதன் அடியில் உள்ளது கரையாமல் இருந்தால் மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிடலாம். அருங்காட்சியகங்களில் ஓவியங்களைச் சீர்செய்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். பழைய ஓவியத்தின்மேல் முதலில் மெல்லிய வார்னிஷ் பூசிவிட்டு, அதற்கு மேல்தான் தங்கள் நிறத்தைத் தொட்டு வைப்பார்கள். நாளைக்கு இன்னொருவர் வந்து, "இந்தத் திருத்தம் சரியில்லை" என்று நினைத்தால், அதைத் துடைத்து எடுத்துவிடலாம். மூல ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஜேனிஸ் 1970-ல், 27 வயதில் இறந்துபோனார். கார் குடும்பத்தாரிடம் வந்தது. 1970-களில் அவருடைய தம்பி அதைச் சீர்செய்தபோது, பழுதாகியிருந்த ஓவியத்தை எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த சாம்பல் நிறத்தையே மறுபடி அடித்தார். கார் ஒழுங்காயிற்று, ஓவியம் போயிற்று. 1990-களில் குடும்பத்தார் மனம் மாறினர். டென்வர் நகரத்து நாடக அரங்கின் ஓவியக் கலைஞர்கள் பழைய புகைப்படங்களைப் பார்த்து ஓவியத்தை மறுபடி வரைந்தார்கள்.

புகைப்படத்தைப் பார்த்து நிறம் பிடிப்பது லேசான வேலை இல்லை. பழைய கலர் படத்தில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. அதனால்தான் தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்தில் சில படங்கள் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகின்றன. அப்படியொரு படத்தை நம்பி நீலம் கலந்தால், அது நீலமாக இருக்குமா?

இன்றைக்கு இருப்பது ரிச்சர்ட்ஸின் கைபட்ட பெயிண்ட் இல்லை என்பதால் சிலர் அதை நகல் என்பார்கள். மறுபடி வரைந்தது சரி என்பதே என் எண்ணம். ஜேனிஸ் ஓட்டியது படம் வரைந்த காரைத்தான். ஆனாலும் ஓவியத்தை எடுத்தபோது உள்ளங்கை அளவுக்காவது அதை விட்டுவைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பழைய காரைச் சீர்செய்பவர்களுக்கு, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் இரும்பும் தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கும். போர்ஷ 356-க்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்தவை. தரை துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும். முன்பக்கம் பேட்டரி இருக்கும் இடத்தில் அமிலம் கசிந்து தகட்டை அரிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் அது பெயிண்டை உள்ளிருந்தே தள்ளிக் கொப்புளமாக்கும். கொப்புளத்தின்மேல் எத்தனை பெயிண்ட் அடித்தாலும் பயனில்லை. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும்.

முன்பு யாராவது அவசரத்துக்குப் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு: சின்னக் காந்தம். இரும்புத் தகட்டில் டப்பென்று ஒட்டும் காந்தம், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் வழுக்கி விழுந்துவிடும்.

ஜேனிஸின் கார் 1995-லிருந்து பல ஆண்டுகள் கிளீவ்லாந்தில் உள்ள ராக் இசை அருங்காட்சியகத்தில் இருந்தது. 2015-ல் 17,60,000 டாலருக்கு ஏலம் போனது.

அந்தக் காந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். வீட்டில் இரும்பு பீரோ இருந்தால் அதன் கதவில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பிறகு நடுவில் ஒரு காகிதம், இரண்டு, மூன்று என்று வைத்துக்கொண்டே போங்கள். எத்தனையாவது காகிதத்தில் காந்தம் விழுகிறது? காகிதத்துக்குப் பதில் அட்டை வைத்தால் என்ன ஆகிறது?