தெருவின் அகலமும் வீட்டின் விலையும்

சென்னையில் நியூ ஆவடி சாலைக்குத் தெற்கே அண்ணா நகர், வடக்கே வில்லிவாக்கம். நடந்தே போய்விடலாம். ஆனால் வீட்டு விலையில் அண்ணா நகர் எப்போதும் மேலே. சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, வித்தியாசத்தின் பெரும்பகுதி மனை விலையில் இருக்கிறது. அந்த விலை ஏரியாவின் பெயருக்குக் கிடைப்பது என்பார்கள். மனைக்கு முன்னால் ஓடும் தெருவின் அகலத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் வாதம்.

வில்லிவாக்கம், அகத்தீஸ்வரர் கோயிலையும் தாமோதரப் பெருமாள் கோயிலையும் சுற்றிக் குறுகிய தெருக்களோடு வளர்ந்த பழைய ஊர். அண்ணா நகரோ 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, வீட்டுவசதி வாரியம் அகலமான அவென்யூக்களோடு அளந்து போட்ட நகர். இந்த அகலத்துக்குச் சட்டமே விலை வைத்திருக்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு கட்டட விதிகள், சாதாரணக் குடியிருப்புக்கு மனைப் பரப்பைப்போல் 2 மடங்கு கட்ட அனுமதிக்கின்றன. அதற்கு மேல் பணம் கட்டிப் பெறும் கூடுதல் பரப்பு, 9 மீட்டர் தெருவில் 30 சதவீதம், 12 மீட்டரில் 40, 18 மீட்டரில் 50. ஒரு கிரவுண்டில், அதாவது 2400 சதுர அடியில், 18 மீட்டர் சாலையென்றால் ஏட்டுக் கணக்கில் 7200 சதுர அடி வரை எழுப்பலாம். 9 மீட்டருக்கும் குறுகிய தெருவில் 4800-ஐத் தாண்ட முடியாது. பில்டர் மனைக்கு விலை பேசும்போது இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

போக்குவரத்துதான் காரணம் என்று சிலர் சொல்லலாம். அண்ணா நகருக்கு 2017-ல் மெட்ரோ வந்தது உண்மை. ஆனால் அண்ணா நகர் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே வில்லிவாக்கத்தில் ரயில் நின்றது. அந்த அனுகூலத்தால் வில்லிவாக்கத்தின் விலை முந்திவிடவில்லை. வில்லிவாக்கத்துக்கு இப்போது கட்டப்படும் மெட்ரோ இந்த விலை இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். தெருவை அது அகலப்படுத்தாது. பெரிய ஆஸ்பத்திரியும் ஜவுளிக்கடையும் அண்ணா நகரில்தானே என்றால், வண்டி வந்து போக வழியுள்ள சாலையைத் தேடித்தான் அவை அங்கே வந்தன. பெயர் மட்டுமே விலை என்றால், பதிவுத் துறை அண்ணா நகர் முழுவதற்கும் ஒரே வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கலாம். அது தெருவுக்குத் தெரு தனி மதிப்பு வைக்கிறது. வில்லிவாக்கத்திலேயே கோயிலடித் தெருக்களும், மனை பிரித்துப் போட்ட சிட்கோ நகரும் ஒன்றல்ல.

எனவே, ‘இந்த ஏரியாவில் சதுர அடி இவ்வளவு’ என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். ஒரே மனையில் அதிகப் பரப்பு கட்டினால், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் கிடைக்கும் மனைப் பங்கு குறையும். 1000 சதுர அடி என்று விளம்பரமாகும் இரண்டு ஃபிளாட்டுகளில் ஒன்றுக்கு யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு 600 சதுர அடி, மற்றதற்கு 350 என்றால், சதுர அடி விலை ஒன்றாக இருந்தாலும் வாங்கும் நிலம் ஒன்றல்ல. ‘சூப்பர் பில்டப்’ கணக்கில் மாடிப்படியும் லிஃப்ட்டும்கூட உங்கள் தலையில் விழும். 2016-ம் ஆண்டு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பையே கேட்டு வாங்குங்கள். கார்ப்பெட் ஏரியா, யூ.டி.எஸ்., தெருவின் அகலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த வீடு உண்மையிலேயே மலிவுதானா என்பது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.