டாக்டர் இல்லாத ஊரில் நர்ஸ் மருந்து எழுதித் தரலாமா?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பட்டாசு வேலைக்குப் போகும் பலருக்கும் செய்த வேலைக்குத்தான் கூலி. பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் அன்றைய சம்பளம் போச்சு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்ஸ் இதைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

நர்ஸ் பிராக்டீஷனர் யார்?

கூடுதல் படிப்பு படித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதும் செவிலியர். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று அங்கே பல மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலேயே இவர்கள் மருந்து எழுதலாம்.

நம்ம ஊரில்?

தீவிர சிகிச்சைக்கும் மகப்பேறுக்கும் இந்தப் பெயரில் படிப்புகள் உண்டு. கிராமத்தில் இதற்கு நெருக்கமானவர், துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் இடைநிலை சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன் 32-வது பிரிவு, ‘சமுதாய சுகாதாரப் பணியாளர்’ ஒருவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் தருகிறது. ஆரம்ப, தடுப்பு சிகிச்சையில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளை அவர் தானாக எழுதலாம். ‘போலி டாக்டர்களுக்கு இது வழிவிடும்’ என்று இந்திய மருத்துவ சங்கம் எதிர்த்தது. 2019 ஜூலை 31-ல் நாடு தழுவிய வேலைநிறுத்தமும் நடந்தது. அமெரிக்க நர்ஸுக்குள்ள அதிகாரம் நம் கிராமச் செவிலியருக்கு இல்லை. டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடர்ந்து தருவது, அளவு ஏறினால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, வீடியோ காலில் டாக்டரிடம் கேட்பது ஆகியவைதான் அவர் வேலை.

தீக்காயத்துக்கு?

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட பெரிய காயங்களுக்குத் தீக்காயப் பிரிவுள்ள மருத்துவமனைதான் வழி. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சின்னக் காயம் என்றால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

30 வயது தாண்டிய எல்லோருக்கும் துணை சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பரிசோதனை இலவசம். ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவுக்கு அடுத்த முறை போன் செய்யும்போது, “பிரஷர் பார்த்தாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.