காய் வாங்கப் போகுமுன்

ரூம் எடுத்துச் சமைக்கிற நம்மில் பலரும் காயைக் கழுவினால் மருந்து போய்விடும் என்றே நினைக்கிறோம். மேலே படிந்ததில் ஓரளவு போகும். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி செடிக்குள்ளேயே ஊடுருவுகிற மருந்து போகாது. காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாதென்று 2005-லேயே தடை வந்துவிட்டது.

எங்கப்பா மருந்தடிக்கிற கூலியாள். கத்தரிக்கும் காலிஃபிளவருக்கும்தான் அடிக்கடி கூப்பிடுவாங்களாம். வேலியோர முருங்கைக்கோ வாழைத்தண்டுக்கோ இதுவரை யாரும் கூப்பிட்டதில்லையாம். விலையும் கம்மி, நம்ம பையில் முதலில் அவை ஏறட்டுமே! சுரைக்காய், பூசணி என்றால் மேலே படிந்தது சீவுகிற தோலோடு போகும். முட்டைக்கோசில் வெளி இலைகளை உரித்துவிடுங்கள். கறிவேப்பிலைக்கும் அடிக்கிறார்கள், நன்றாக அலசுங்கள்.

ஓட்டை விழுந்த கத்தரி சுத்தமானது என்பாங்க. மருந்தடித்தும் அடங்காத புழுவாகவும் இருக்கலாம்.